பழைய பேட்டரியை யாரிடம் கொடுப்பது?

(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில், கள்ளிக்குப்பத்தில் வசிக்கும் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன் இன்றைக்குப் பேட்டரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எத்தனை பேட்டரி இருக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். டிராக்டரில் ஒன்று. கரண்ட் போனால் விளக்கு எரிய இன்வெர்ட்டரில் ஒன்று. முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் ஒன்று. காட்டுப்பன்றிக்குச் சூரிய மின்வேலி போட்டிருந்தால் அதற்கு ஒன்று. பையனுடைய மோட்டார் சைக்கிள், டார்ச் லைட், செல்போன் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குக் குறையாது. புதிதாக வாங்கும்போது நாலு கடை ஏறி விசாரித்து வாங்குகிறோம். செத்துப் போன பேட்டரியை என்ன செய்கிறோம்? கொல்லையில் போடுகிறோம். அல்லது தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கிறோம். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

ஒரு கன்றுக்குட்டியின் கதை

நான் குடியிருப்பது அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில். இப்போது எங்கே பார்த்தாலும் வீடுகள். ஆனாலும் பசு மாடு வைத்துப் பால் கறக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். சோழவரம் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு பழைய டிராக்டரும் உண்டு. டிராக்டர் பேட்டரி போய்விட்டதும் புதிது வாங்கிப் போட்டுவிட்டு, பழையதை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைத்திருந்தார். பெட்டி ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. நானும் அதைப் பார்த்தேன். "இது ஏன் இங்கே இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர் போன் செய்தார். "சார், கன்னுக்குட்டி சுவத்துல போய் முட்டுது. கண்ணு தெரியல போலிருக்கு. பல்லை நறநறன்னு கடிக்குது" என்றார். கால்நடை மருத்துவர் வந்து பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்துல பழைய பேட்டரி ஏதாவது கிடக்குதா?" என்பதுதான். கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். பெட்டி உடைந்து, உள்ளேயிருந்த தகடுகள் வெளியே தெரிந்தன. கன்று நக்கிய அடையாளம் அப்படியே இருந்தது. மருத்துவர் மருந்து கொடுத்தார். மறுநாள் வலிப்பு வந்தது. கன்று பிழைக்கவில்லை.

படித்தவன், விஞ்ஞானம் தெரிந்தவன், பார்த்தும் வாயைத் திறக்காமல் போனேன். அந்தக் குறை என்னுடையது. அதற்காகத்தான் இன்று உங்களிடம் பேசுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

டிராக்டர், லாரி, இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பெரும்பாலும் இருப்பது காரீயமும் கந்தக அமிலமும். ஈயம் என்றதும் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம், விஷம். ஒரு டிராக்டர் பேட்டரி சுமார் 20 கிலோ எடை என்றால், அதில் பாதிக்கு மேல் காரீயமும் அதன் கலவைகளும்தான். உலகத்தில் பயன்படுகிற காரீயத்தில் 100-க்கு 85 பங்கு பேட்டரிக்கே போகிறது.

தகட்டின் மேல் படிந்திருக்கிற உப்பை மாடுகள் ஆசையாக நக்கும். கன்றுகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கண் தெரியாமல் போவது, தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்பது, பல்லைக் கடிப்பது, வாயில் நுரை, வலிப்பு, இவையெல்லாம் காரீய விஷத்தின் அறிகுறிகள். அப்படிப்பட்ட மாட்டின் பாலிலும் காரீயம் இறங்கும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பாலைக் குடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

மனிதர்களில் குழந்தைகளைத்தான் இது அதிகம் பாதிக்கும். பெரியவர்கள் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கு காரீயத்தைக் குழந்தை உடம்பு இழுத்துக்கொள்ளும். மூளை வளர்ச்சி கெடும், படிப்பு ஏறாது. இந்த அளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் சுமார் 27 கோடியே 50 லட்சம் குழந்தைகளின் ரத்தத்தில், 100 மில்லிக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக 2020-ல் யூனிசெப் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. எல்லாம் பேட்டரியால் வந்ததல்ல. பெயின்ட், பாத்திரம் என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் பழைய பேட்டரியைக் கண்டபடி உடைத்து உருக்குவது முக்கியமான ஒரு வழி.

காரீயம் 327 டிகிரி சூட்டில் உருகிவிடும். கரி அடுப்பும் துருத்தியும் போதும். ஆகவேதான் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் யார் வேண்டுமானாலும் உருக்குகிறார்கள். அமிலத்தை மண்ணில் கொட்டுகிறார்கள். புகை அக்கம்பக்கத்து நிலத்தில் படிகிறது. மண்ணில் விழுந்த காரீயம் மக்காது, மேல் மண்ணிலேயே பல காலம் தங்கிவிடும். அந்த மண்ணில் கீரையும் கிழங்கும் போட்டால் நம் தட்டுக்கே வந்து சேரும்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை ஒட்டி, தியாரோய் சுர் மேர் என்று ஒரு பகுதி. அங்கே பல வருஷம் பேட்டரி உடைத்த மண்ணில் காரீயத் துண்டுகள் கலந்து கிடந்தன. விலைக்குப் போகும் என்று அந்த மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு போய் வீட்டில் சலித்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோயின. வயிற்றுப் பாட்டுக்காகச் செய்த வேலை, பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி சட்டத்துக்கு வருவோம். 2001-ல் முதலில் ஒரு விதி வந்தது. அது காரீய பேட்டரிக்கு மட்டும். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு 'பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்' என்று புதிய விதிகளை வெளியிட்டது. இது டார்ச் லைட் செல் முதல் டிராக்டர், இன்வெர்ட்டர், மின்சார வண்டி பேட்டரி வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இதன் சாரம் ஒரே வரிதான்: பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரே, அது செத்த பிறகும் அதற்குப் பொறுப்பு.

யார் அந்தப் பொறுப்பாளி? தன் பெயர் போட்டு பேட்டரி விற்கிற கம்பெனி. வேறொருவர் செய்ததை வாங்கித் தன் பெயரில் விற்றாலும் அவர்தான். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறவரும் அப்படியே. நீங்கள் வாங்கிய ஸ்பிரேயர் பேட்டரியோடு சேர்ந்து வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால், அதை இறக்கிய வியாபாரி பொறுப்பாளி.

இவர்கள் எல்லோரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பழைய பேட்டரியைப் பிரித்து உலோகம் எடுக்கிற ஆலைகளும், பழுது பார்த்துத் திரும்ப விற்கிறவர்களும் மாநில வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். நமக்கு அது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பதிவில்லாதவர்களோடு கம்பெனி கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு கணக்கு. கம்பெனி எவ்வளவு பேட்டரி விற்றதோ, அதற்குத் தக்கபடி பழையது திரும்ப வந்தாக வேண்டும். பதிவு பெற்ற ஆலை, இத்தனை எடை உலோகம் மீட்டோம் என்று சான்று கொடுக்கும். அந்தச் சான்றைக் கம்பெனி காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. விட்டுப்போன பாக்கி அடுத்த வருஷக் கணக்கில் ஏறும், மூன்று வருஷம் வரை தொடரும். பழைய பேட்டரியைக் குழியில் புதைப்பதும், எரிப்பதும் கூடாது.

இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல. பாலாற்றங்கரை விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீரால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுவதுமாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்ற கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே நிலம் கெட்ட பிறகு நியாயம் கிடைத்தது. பேட்டரி விதி, கெடுவதற்கு முன்பே பொறுப்பைக் கட்டிவைக்கப் பார்க்கிறது.

அந்த 200 ரூபாய் யாருடையது?

கன்று போன பிறகும் பெரியவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், பேட்டரி கடைக்காரர் பழசுக்குக் கழிக்கிறதைவிட, தெருவுல வர்றவர் 200 ரூபா கூடக் கொடுக்கறாரே. நான் ஏன் விடணும்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் சட்டம் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பதிவு பெற்ற ஆலை, மூடிய இயந்திரத்தில் பேட்டரியை உடைக்கிறது. அமிலத்தைச் சுண்ணாம்பு போன்றவற்றால் முறிக்கிறது. புகையை வடிகட்டுகிறது. தொழிலாளியின் ரத்தத்தைச் சோதிக்கிறது. அத்தனைக்கும் செலவு உண்டு. ஒதுக்குப்புறத்தில் உருக்குகிறவருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அமிலம் வாய்க்காலுக்கு, புகை காற்றுக்கு. மிச்சமாகிற பணத்தில்தான் 200 ரூபாய் கூடக் கொடுக்கிறார். ஆக, அந்த 200 ரூபாய் அவர் பணமில்லை. வாய்க்கால் கடைசியில் நிலம் வைத்திருக்கிறவர் பணம், உருக்குகிற இடத்தில் வேலை செய்கிறவரின் பிள்ளைகள் பணம். ஒரு கன்றுக்குட்டி விலையை நினைத்துப் பாருங்கள் என்றேன். பெரியவர் பேசவில்லை. அடுத்த வாரம் டிராக்டர் ஷெட்டிலிருந்த இன்னொரு பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வந்தார்.

பழைய இரும்புக்காரரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் பிழைக்க வேண்டும். அவர் வாங்கிய பேட்டரியை உடைக்காமல், முழுசாகப் பதிவு பெற்ற ஆலைக்குப் போய்ச் சேரும் வழியில் கொடுத்தால் சரிதான்.

நாம் செய்ய வேண்டியது

விதியில் நமக்கும் ஒரு கடமை உண்டு. பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. சேகரிக்கிற, பழுது பார்க்கிற, மறுசுழற்சி செய்கிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

1. புதிய பேட்டரி வாங்கப் போகும்போதே பழையதையும் எடுத்துக்கொண்டு போங்கள். பழையதற்குக் கழித்த தொகையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

2. வாங்கும்போது பேட்டரி மேல் பாருங்கள். சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியைக் குறுக்கே அடித்த படம் இருக்க வேண்டும். குப்பையில் போடாதே என்று அர்த்தம். காரீய பேட்டரியில் அதன் குறியான 'பி.பி.' என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கும். கம்பெனியின் பதிவு எண் பேட்டரியிலோ, அட்டைப்பெட்டியிலோ, கூட வரும் விவரத் தாளிலோ இருக்கும். 2025-ல் செய்த திருத்தத்தின்படி அது செல்போனில் படிக்கிற கட்டக் குறியாகவும் இருக்கலாம். பையனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

3. கொடுக்கும்வரை நிமிர்த்தி, மரப்பலகை மேல், நிழலில் வையுங்கள். கொட்டகை, தீவனம், கிணறு, குழந்தைகள் விளையாடும் இடம் பக்கத்தில் வேண்டாம். அமிலத்தை வடித்துவிட்டு எடுத்துப் போகாதீர்கள். எடை குறையும் என்று கீழே கொட்டினால் நஷ்டம் உங்கள் மண்ணுக்கு.

4. தகட்டை உடைத்து, வலைக்குக் குண்டு வார்க்கிறேன் என்று வீட்டு அடுப்பில் உருக்கவே கூடாது.

5. உடம்பில் அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் போங்கள்.

6. ஸ்பிரேயரிலும் செல்போனிலும் இருப்பது லித்தியம் பேட்டரியாக இருந்தால் குத்தாதீர்கள், நசுக்காதீர்கள். தீப்பிடிக்கும். உப்பிப் போனதைச் சார்ஜ் போட வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள்.

ஊரில் திரும்ப வாங்குகிற கடையே இல்லையே என்பீர்கள். பல கிராமங்களில் நிலைமை அதுதான். பால் சங்கமோ உழவர் குழுவோ சேர்ந்து, ஒரு மூலையில் பத்துப் பேட்டரி சேர்த்து, கம்பெனி ஏஜெண்டுக்குத் தகவல் கொடுங்கள். ஒன்றுக்கு வராதவர் பத்துக்கு வருவார். திரும்பப் பெறுவது அவர் செய்கிற தயவல்ல, கம்பெனியின் கடமை. நிலத்துப் பக்கத்தில் யாராவது பேட்டரி உருக்கினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரீயத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கித் திரும்பவும் பேட்டரி செய்யலாம். போக வேண்டிய இடத்துக்குப் போனால் அது சரக்கு. கொல்லையில் கிடந்தால் விஷம். கம்பெனிக்குப் பதிவு, ஆலைக்குப் பதிவு, வாரியத்துக்குக் கணக்கு, எல்லாம் இருக்கட்டும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் கையில் இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் மாடு கட்டப் போகும்போது கொட்டகைக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.