பழைய காசுக்குப் புளி வேண்டாம்

தாத்தா வீட்டு பிஸ்கட் டின்னைத் துழாவினால், பத்திரங்களுக்கு அடியில் நான்கைந்து பழைய காசுகள் கிடைக்கும். செங் பக்கத்து மாணவர்கள் பள்ளிக்கு எடுத்து வந்து காட்டுபவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மலாயாவின் சதுரமான 1 சென்ட். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த வெண்கலக் காசு. 1939 முதல் 1945 வரையிலான ஏதோ ஓர் ஆண்டு அதில் இருக்கும்.

கறுத்த காசைக் கண்டதும் நம் வீடுகளில் கை முதலில் புளியைத் தேடும். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்குச் சரியில்லை. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அதன் மேல் பழுப்பான ஆக்சைடுப் படலம் உருவாகிறது. அந்தப் படலம் அழுக்கு அல்ல. உள்ளேயிருக்கும் உலோகத்துக்கு அதுவே போர்வை. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். காசு பளபளக்கும். சில வாரங்களில் புது உலோகம் மறுபடி கறுக்கும், மறுபடி தேய்ப்பீர்கள். ஒவ்வொரு முறையும் மன்னரின் தலைமுடிக் கோடுகள் கொஞ்சம் மழுங்கும். தேய்த்த காசைச் சேகரிப்பாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து, விலையைக் குறைத்துவிடுவார்.

சரி, தேய்க்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால்? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெத்தென்று வளையும் மலிவான உறைகள் பெரும்பாலும் பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். செம்பு கலந்த காசின் மேல் பச்சையாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் தெரிந்தால் உறைதான் குற்றவாளி. முக்கோணக் குறிக்குள் 3 என்ற எண் இருந்தால் அது பிவிசி. பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் உறைகளில் குளோரின் கிடையாது.

நம் 1 சென் காசுக்கு வேறு தொல்லை. 1967இல் அது வெண்கலமாக வந்தது. 1970களில் செம்பு போர்த்திய எஃகுக்கு மாறியது. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் எது எஃகு என்று தெரிந்துவிடும். போர்வையில் ஒரு கீறல் விழுந்தால் போதும். மின்வேதியியல் வரிசையில் இரும்பு செம்பைவிட எளிதாக எலக்ட்ரானை இழக்கும்; எனவே செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். படிவம் 5 மாணவர்களுக்கு இதைவிட மலிவான பாடக்கருவி கிடையாது.

மலாக்கா சுல்தான்களும், 1511இல் நகரைப் பிடித்த போர்த்துகீசியரும் வெள்ளீயத்தில் காசு அச்சிட்டார்கள். தூய வெள்ளீயம் 13.2 டிகிரி செல்சியசுக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் சாம்பல் நிறப் பொடியாக மாறக்கூடும். மலாக்காவில் அவ்வளவு குளிர் ஏது என்கிறீர்களா? குளிர்பதனப் பெட்டிக்குள் சுமார் 4 டிகிரிதான். ஈரப்பதத்துக்குப் பயந்து காசை அங்கே வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர்த்துளி படிவது இன்னொரு கேடு.

காசை விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. வெள்ளிக்காசுக்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுக்க வைக்கும். புதுக் காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் காசோடு வையுங்கள். மூடி தளர்வாக இருந்தால், ஓரிரு நாளில் அது அறையின் ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிடும்.