வாலிபர் சங்கமும் உறுப்புரிமையும்

தன்பாலீர்ப்புடைய இளைஞர் ஒருவர் திருச்சபையின் வாலிபர் சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாமா என்னும் வினா, நம் ஆயர்களுக்கு இனிப் புறம்பானதன்று. வயது வந்தோர் இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை, 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த அளவில் செல்லாததாக்கியது. ஆகவே சட்டத்தைக் காரணம் காட்டி இவ்வினாவை ஒதுக்கிவிட இயலாது. பெருநகரச் சபைகள் மட்டுமன்றி, அரூர் போன்ற சிற்றூர்களிலும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலும் உள்ள சபைகளும் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளன. தனியார் அமைப்புக்கு விலக்கும் உரிமை உண்டா, உண்டெனில் அதைப் பயன்படுத்துதல் தகுமா, ஆயர் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றையும் நாம் இங்கு ஆராய்வோம்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மக்கள் வழக்கிலுள்ள 'ஓரினச்சேர்க்கை' என்னும் சொல் ஒரு செயலைக் குறிப்பது. 'தன்பாலீர்ப்பு' என்பதோ உள்ளத்தின் நாட்டத்தைக் குறிப்பது. பதினாறு வயதுச் சிறுவன் தன் நாட்டம் இத்தகையது என ஆயரிடம் சொல்லும்போது, அவன் எந்தச் செயலையும் அறிக்கையிடவில்லை. இவ்வேறுபாட்டை மறந்தால், பின்வருவன யாவும் குழப்பமாகும்.

1. விலக்கும் உரிமை

இவ்வினா மிகத் தெளிவாக எழுந்தது அமெரிக்கச் சாரணர் இயக்கத்திலேயாம். நியூஜெர்சி மாநிலத்தில் சாரண உதவித் தலைவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் டேல் என்னும் கல்லூரி மாணவர் தன்பாலீர்ப்புடையவர் என்பது 1990-ஆம் ஆண்டு செய்தித்தாள் ஒன்றின் வாயிலாக வெளிப்பட்டது. இயக்கம் அவரை நீக்கியது. அம்மாநில உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2000-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, இயக்கத்தின் உரிமையையே நிலைநிறுத்தியது. ஒரு கொள்கையை எடுத்துரைக்கக் கூடிய சங்கம், அக்கொள்கைக்கு முரணாகத் தோன்றும் ஒருவரை ஏற்குமாறு அரசால் கட்டாயப்படுத்தப்படலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டு நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு சங்கம் அமைக்கும் உரிமையையும், 26-ஆம் உறுப்பு சமயப் பிரிவுகள் தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்தும் உரிமையையும் அளிக்கின்றன. பார்சி சமூகத்தார் தம் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தம்மவரையே உறுப்பினராக்கும் விதி செல்லும் என 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே விலக்கும் உரிமை பெரிதும் உண்டு எனலாம். இவ்வுரிமையை நாம் இலேசாக எண்ணலாகாது. சிறுபான்மைச் சமயத்தாராகிய நம் சங்கங்களுக்கு அரணாயிருப்பதும் அதுவே.

ஆயினும் நீதிமன்றம் கூறியது, விலக்குவோரைச் சட்டம் தடுக்காது என்பதே. விலக்குதல் நன்று என்பதன்று. அமெரிக்க இயக்கமே வழக்கில் வென்ற பின்னர் தன் விதியை மாற்றியது. 2014-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தன்பாலீர்ப்புடைய சிறுவரையும், 2015-ஆம் ஆண்டு ஜூலை முதல் பெரியோரையும் அது ஏற்றது. திருச்சபைகள் நடத்தும் குழுக்கள் தம் தலைவரைத் தம் நம்பிக்கைப்படி தெரிந்துகொள்ளவும் இடமளித்தது.

2. நம் மண்ணில் ஒரு பழைய விலக்கு

1909-ஆம் ஆண்டு சாரணர் இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது, அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவர் சேர்க்கப்படவில்லை. அதற்கு மறுமொழியாக அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை ஏற்படுத்தினர். 1921-ஆம் ஆண்டு பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அச்சங்கம் அவரது இயக்கத்துடன் இணைந்தது.

நிறம் ஒழுக்கத்தைச் சார்ந்ததன்று, ஆகவே இவ்வொப்புமை பொருந்தாது எனச் சிலர் கூறுவர். அது கருதத்தக்க மறுப்பே. நிறத்தையும் ஒழுக்கத்தையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் மேலே கண்டபடி நாட்டமும் செயலன்று. ஒருவன் செய்தது யாது என வினவாமல், அவன் இன்ன வகையினன் என்பதாலேயே கதவை அடைத்தல் என்னும் அளவில் இரண்டும் ஒன்றே.

வேறொரு வழியும் நம்மிடையே இருந்தது. சேலத்தில் பிறந்த கே. டி. பால், 1916-ஆம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளரானார். அரூரும் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அவ்வியக்கம் தன் கிறிஸ்தவத் தன்மையை விட்டுவிடாமலே, பிற சமயத்து இளைஞரும் துணை உறுப்பினராகச் சேர இடமளித்தது. தன்மையைக் காக்க வாசலை அடைத்தே தீரவேண்டும் என்பதில்லை என்பதற்கு இது சான்று.

3. வேதாகமத்தின் சாட்சி

லேவியராகமம் 18, 20 அதிகாரங்களும், ரோமர் 1, 1 கொரிந்தியர் 6 ஆகிய பகுதிகளும் இங்கு எடுத்துக்காட்டப்படும். இவற்றின் பொருள் பற்றி வேத அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாதத்தை இங்குத் தீர்க்க நாம் முற்படவில்லை. விவாகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்னும் போதனையை உறுதியாகப் பற்றுவோரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கொரிந்தியருக்கு எழுதிய பட்டியலில் பொருளாசைக்காரரும் வெறியரும் அதே வரிசையில் இடம்பெறுகின்றனர். வரதட்சணை வாங்கியதற்காக எந்த வாலிபர் சங்கம் தன் உறுப்பினரை நீக்கியது? ஒரு பாவத்துக்கு உபதேசமும் மற்றொன்றுக்கு வெளியேற்றமும் எனப் பிரித்தளப்பது வேத நியாயமன்று.

மேலும், உபாகமம் 23-ஆம் அதிகாரம் அண்ணகரைக் கர்த்தருடைய சபைக்குப் புறம்பாக்குகிறது. ஏசாயா 56-ஆம் அதிகாரமோ அவர்களுக்கு ஆலயத்துக்குள்ளே இடமும் நித்திய நாமமும் வாக்களிக்கிறது. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியரை நம் பழைய மொழிபெயர்ப்பு மந்திரி என்றே குறிக்கிறது. கிரேக்க மூலச்சொல்லோ அண்ணகர் என்னும் பொருளுடையது. அண்ணகரும் தன்பாலீர்ப்புடையோரும் ஒருவரே என்பது நம் கருத்தன்று. வெளியே நிறுத்தப்பட்டவரைக் குறித்து வேதம் எத்திசையில் நடக்கிறது என்பதையே மாணவர் நோக்கவேண்டும்.

4. உறுப்புரிமை, தலைமை, நடத்தை

இம்மூன்றையும் பிரித்துக் காணுதல் நலம். உறுப்புரிமை என்பது பராமரிப்புக்குள் வருதல். அது தூய்மைக்குக் கொடுக்கப்படும் பரிசன்று. ஆகவே அதற்கு நாட்டம் தடையாகலாகாது. தலைமைக்கு விசுவாச அறிக்கையையும் நற்சாட்சியையும் சபை கோரலாம். ஆனால் மணமாகாதோர் கற்புடன் வாழவேண்டும் என்னும் விதி, யாவருக்கும் ஒரே அளவாயிருக்கவேண்டும். அவ்விதிக்கு உட்பட்டு நடக்கும் ஒருவரை, அவரது நாட்டம் ஒன்றையே காட்டித் தலைமைக்குத் தகுதியற்றவராக்குவது அநீதி.

முகாம்களில் சிறுவர் பாதுகாப்பு என்னாகும் எனப் பெற்றோர் கேட்பது இயல்பே. அமெரிக்க இயக்கம் தன்பாலீர்ப்புடையோரைப் பல ஆண்டுகள் விலக்கியே வைத்திருந்தது. அப்படியிருந்தும், சிறுவர்மீது இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளுக்கான வழக்குகளால் 2020-ஆம் ஆண்டு கடன் தீர்க்க இயலா நிலையை அறிவிக்க நேர்ந்தது. பின்னர் வந்த முறையீடுகள் 82,000-க்கும் மேற்பட்டவை. விலக்கு சிறுவரைக் காக்கவில்லை. காப்பது நடத்தைக்கான விதியே: பெரியவர் எவரும், மணமானவராயினும், சிறுவனுடன் தனித்திருக்கலாகாது, எப்பொழுதும் பெரியோர் இருவர் உடனிருக்கவேண்டும், தவறு நடந்தால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தெரிவிக்கவேண்டும்.

5. ஆயரின் கடமை

நம் பகுதி இளைஞர் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்று, கிறிஸ்துமஸ் நாட்களில் ஊர் திரும்புகின்றனர். நகரத்தில் ஒரு சங்கம் தள்ளினால் வேறொன்று உண்டு. கிராமத்திலோ சபையின் வாலிபர் சங்கம் ஒன்றே இருக்கும். மேலும் சிற்றூரில் ஒருவனைச் சங்கத்திலிருந்து நீக்குவது, அவன் இரகசியத்தை வீட்டுக்கும் சந்தைக்கும் பறைசாற்றுவதாகும். அதன் பின் வரும் அடியும் வெளியேற்றமும், சிலவேளை உயிரிழப்பும், நம் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படுவதில்லை.

ஆகவே ஆயர், தம்மிடம் சொல்லப்பட்டதை அவ்விளைஞரின் இசைவின்றிப் பெற்றோரிடமும் சொல்லலாகாது. மாற்றிவிடலாம் என வாக்களிக்கலாகாது. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் பாதுகாப்புக் கோரிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தாம் இதனைச் சரிவர அறியவேண்டுமென உளவியல் நிபுணரிடம் கற்ற பின்னரே, 2021-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். நாட்டத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வது அதில் தடைசெய்யப்பட்டது. 2022-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என அறிவித்தது. மருத்துவர் செய்யத் தகாததை ஜெப வீட்டில் ஆயர் செய்யத் துணிவதெப்படி?

எல்லாவற்றிலும் மேலாக, கலியாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்னும் ஆலோசனைக்கு ஆயர் உடன்படலாகாது. உண்மையை அறிந்தும் அதை மறைத்து ஒரு பெண்ணை ஒப்புக்கொடுக்கச் செய்வது, பலிபீடத்தின் முன் அவளுக்கு இழைக்கும் வஞ்சனை. மணவோலை வாசிக்கும் பொறுப்பு நம்முடையது. மறுக்கும் பொறுப்பும் நம்முடையதே.

சட்டம் நமக்கு விலக்கும் உரிமையை விட்டுவைத்திருக்கிறது. அவ்வுரிமையைப் பிற சமயத்தாரின், அரசின் கட்டாயத்துக்கு எதிராகக் காத்துக்கொள்வோம். நம்மிடம் நம்பி வந்த பிள்ளைக்கு எதிராக அதை எடுப்பது மேய்ப்பனின் வேலையன்று. சபைகள் தம் வாலிபர் சங்க விதிகளை இவ்வாண்டே எடுத்து வாசித்து, நாட்டத்தைக் குறித்த தடைகள் இருப்பின் நீக்கி, நடத்தையைக் குறித்த விதிகளை யாவருக்கும் பொதுவாக எழுதிவைப்பது நலமாகும்.