பழி ஓரிடம், பழுது ஓரிடம்

இருதயத்திலே தோன்றிய நோய் சிலருக்கு இடது தோளில் வலியாக வெளிப்படுவதுண்டு. தோளுக்குத் தைலம் பூசிக் காலங்கடத்துபவர் வலியைத் தணிக்கின்றாரேயன்றி நோயைத் தணிக்கின்றாரல்லர். இயந்திரங்களுக்கும் இவ்வியல்பு உண்டு. பழுது ஓரிடத்திலிருக்க, அதன் அடையாளம் பிறிதோரிடத்தில் தோன்றும். மேசைக் கணினியில் விளையாட்டுகளை ஆடுவோர் உலகெங்கணும் 2024ஆம் ஆண்டில் எதிர்கொண்ட ஒரு சங்கடம் இதற்கு நல்ல சான்றாகும். பழுதான உறுப்பை விட்டுப் பழுதில்லா உறுப்பை மாற்றிப் பணத்தை இழந்தோரும் அவருள் உளர்.

கணினி விளையாட்டொன்று திரையில் ஓடும்போது முதன்மையாக இரண்டு உறுப்புகள் உழைக்கின்றன. ஒன்று, கடைக்காரர் 'புறொசெசர்' என்று கூறும் மையச் செயலி. மற்றையது வரைகலை அட்டை. பகைவன் எங்கே நிற்கின்றான், எறிந்த கல் எங்கே விழும், அடுத்த கணத்தில் எவற்றை வரைய வேண்டும் என்பனவற்றையெல்லாம் கணக்கிட்டுச் சொல்வது மையச் செயலி. சொன்னவற்றை வண்ணப்படமாக வரைந்து திரைக்கு அனுப்புவது வரைகலை அட்டை. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமெனின், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்கே. கலியாண வீட்டிலே அடுக்களையிற் சமைப்பவர் ஒருவர், பந்தியிற் பரிமாறுபவர் ஒருவர். சோறு வரத் தாமதித்தாலும் கறியில் உப்புக் குறைந்தாலும், பந்தியிலிருப்போர் கண்ணுக்குத் தெரிபவர் பரிமாறுபவரே ஆதலின், ஏச்சு முழுவதும் அவருக்கே கிட்டும். கணினியில் வரைகலை அட்டையின் நிலைமையும் ஏறக்குறைய அதுவே.

அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனம் தன் பதின்மூன்றாந் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளை 2022 ஒக்ரோபரிலும், பதினான்காந் தலைமுறையை 2023 ஒக்ரோபரிலும் விற்பனைக்கு விட்டது. அவற்றுள் உயர்ந்த வகைகள் 24 கருக்களைக் கொண்டவை. ஐ9-14900கே என்னும் செயலி 6 கிகாஹேட்ஸ் அதிர்வெண் வரை, அஃதாவது விநாடிக்கு 600 கோடித் துடிப்பு வரை செல்லவல்லது. விரைவிலே அதற்கு நிகரானவை அரிது எனக் கருதி, விளையாட்டில் ஆர்வமுள்ளோர் விரும்பி வாங்கினர்.

சில மாதங்கள் செவ்வனே ஓடிய கணினிகளிற் சில பின்னர் முரண்டு பிடிக்கலாயின. விளையாட்டைத் தொடக்கினால் அது பாதியில் நின்றுவிடும். காணொளி நினைவகம் போதவில்லை என்னும் பொருள்பட ஓர் அறிவித்தல் திரையிலே தோன்றும். காணொளி நினைவகம் என்பது வரைகலை அட்டையிலுள்ள நினைவகம். எனவே அட்டையின் மேலேயே ஐயம் விழுந்தது. அட்டையை இயக்கும் மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவினர். விண்டோஸையே புதிதாக நிறுவினர். அட்டையைக் கழற்றி வேறோர் அட்டையைப் பொருத்தினர். ஆயின், 24 கிகாபைற்று நினைவகங் கொண்ட, சந்தையிலே மிக உயர்ந்த அட்டையை வைத்திருந்தோருக்கும் இதே அறிவித்தல் வந்தது. களஞ்சியம் நிறைய நெல்லிருக்க, நெல்லில்லை என்று ஒருவன் வந்து சொன்னால், நெல்லை மேலும் வாங்குவதா, சொன்னவனுடைய கணக்கைப் பார்ப்பதா?

கணக்கிலேதான் பிழை இருந்தது. பெரிய விளையாட்டொன்று முதன்முறை தொடங்கும்போது, இறுக்கிச் சுருக்கி வைக்கப்பட்ட கோப்புகளை விரித்தெடுக்கின்றது. வரைகலை அட்டைக்கு விளங்கும் மொழியிலே ஆயிரக்கணக்கான சிறு கட்டளைத் தொகுதிகளை மொழிபெயர்த்து வைத்துக்கொள்கின்றது. இவ்விரண்டும் மையச் செயலியின் வேலைகள். எல்லாக் கருக்களையும் ஒருசேரப் பிழிந்தெடுப்பவை. நலிந்த செயலி இவ்வேளையில் எங்கோ ஒரு கூட்டலைத் தவறாகக் கூட்டிவிடுகின்றது. தவறிய விடை கைமாறிக் கைமாறிச் சென்று, கடைசியில் அட்டையிடம் இடங்கேட்கும் கட்டத்திலே காரியங் கெடுகின்றது. அக்கட்டத்திலே கெட்டதற்கு மென்பொருள் அறிந்த விளக்கம் இடம் போதவில்லை என்பதொன்றே. அதனையே அது திரையில் எழுதியது. அது பொய் சொல்லவில்லை. தான் கண்டதைச் சொன்னது. காணாததை அதனாற் சொல்ல இயலவில்லை.

இந்த உண்மையை முதலில் வெளிப்படுத்தியோருள் விளையாட்டுகளுக்கான விரித்தெடுக்கும் மென்பொருளை ஆக்கும் ராட் நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர். விரித்தெடுத்த தரவு சரியானதா என்று அம்மென்பொருள் தானே சோதித்துக்கொள்ளும். சோதனை தவறிய கணினிகளை நோக்கியபோது, குறித்த சில இன்ரெல் செயலிகளே திரும்பத் திரும்ப வந்தன. செயலிக் கருக்களின் பெருக்கெண்ணை 55 இலிருந்து 53 ஆகக் குறைத்துப் பார்க்கும்படி அவர்கள் ஆலோசனை கூறினர். வேகத்தைச் சிறிது குறைத்தவுடன் பல கணினிகளில் நோய் மறைந்தது. அட்டையைத் தொடாமலே அட்டையின் நோய் மாறுமாயின், அது அட்டையின் நோயன்று. அட்டை செய்யும் என்விடியா நிறுவனமும், இச்செயலிகளில் இத்தகைய தொல்லை கண்டோர் இன்ரெல்லை அணுகும்படி 2024 ஏப்பிரலில் அறிவித்தது.

அடுத்த பழி தாய்ப்பலகை செய்வோர்மேல் விழுந்தது. தங்கள் பலகையே விரைவிற் சிறந்தது என்று காட்டும் போட்டியில், மின்வலுவுக்கு இன்ரெல் விதித்திருந்த 253 வாற்று எல்லையைப் பலர் தாமாகவே தளர்த்தி விற்றனர் என்பது மெய்யே. ஆயினும் முழுக் குற்றமும் அவர்களுடையதன்று. விளையாட்டு நிலையங்களின் சேவையகக் கணினிகளில், அடக்கமான அமைப்புகளோடு ஓடும் பலகைகளிலும் இதே செயலிகள் தவறுவதாக 2024 யூலையில் தெரியவந்தது. சேவையகத்திலே படம் வரையும் வேலையே இல்லை. வரைகலை அட்டையைக் குற்றஞ் சொல்ல அங்கே வழியே கிடையாது. அவுஸ்திரேலியாவின் அல்டெரோன் நிறுவனம் தன் சேவையகங்களை ஏஎம்டி செயலிகளுக்கு மாற்றப்போவதாக அதே மாதம் பகிரங்கமாக அறிவித்தது.

அம்மாத இறுதிக்குள் இன்ரெல் காரணத்தை ஒப்புக்கொண்டது. செயலி தனக்கு எவ்வளவு வோல்ற்றளவு வேண்டும் என்று தாய்ப்பலகையிடம் தானே கேட்கும். அக்கேள்வியை அமைக்கும் மைக்கிரோகோட் என்னும் உள்ளமைந்த கட்டளைத் தொகுதி, வேண்டியதற்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. கடும் வேலையின்போது மாத்திரமன்றி, கணினி சும்மாயிருக்கும்போதும் இலேசான வேலையின்போதும் இம்மிகைக் கேள்வி நிகழ்ந்தது. விளையாடாது உறங்கிய கணினியும் உள்ளுக்குள்ளே தேய்ந்தது.

மிகுந்த வோல்ற்றளவும் வெப்பமும் சேர்ந்து, கருக்களுக்குத் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்றினை மூப்படையச் செய்தன என்று 2024 செப்ரெம்பரில் இன்ரெல் விளக்கிற்று. மூப்படைந்த சுற்று, அதே வேகத்தில் ஓடுவதற்கு முன்னையிலும் கூடிய வோல்ற்றளவை வேண்டும். அது கிடையாத கணத்திலே கணக்குத் தவறும். ஓகஸ்ற் மாதத்தில் வந்த 0எக்ஸ்129 என்னும் திருத்தம் 1.55 வோல்ற்றுக்கு மேற்பட்ட கேள்விகளைத் தடுத்தது. செப்ரெம்பரில் வந்த 0எக்ஸ்12பி சும்மாயிருக்கும் வேளையின் மிகைக் கேள்வியையும் அடக்கிற்று. இத்திருத்தங்கள் தேய்வைத் தடுப்பனவேயன்றித் தேய்ந்ததை மீட்பனவல்ல. தேய்ந்த செயலியை மாற்றுவதொன்றே வழி.

எல்லாக் கணினிக்கும் இந்நோய்தான் என்று கருதிவிடலாகாது. அன்றாடம் காணும் மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். படம் விட்டுவிட்டு ஓடுகின்றது என்போர், குற்றம் சமைப்பவரிடமா பரிமாறுபவரிடமா என்பதைக் காசு செலவின்றியே அறியலாம். 1920க்கு 1080 என்றிருக்கும் படத்தின் அளவை 1280க்கு 720 ஆகக் குறைத்துப் பார்க்க வேண்டும். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்குங் குறைவாகிவிடும். மையச் செயலியின் கணக்கோ அவ்வளவாகக் குறையாது. அப்போது விநாடிக்குரிய படங்கள் பெருகினால், தடையாயிருந்தது வரைகலை அட்டை. பெருகாவிடில் தடை செயலியிலோ நினைவகத்திலோ உள்ளது; புதிய அட்டை வாங்குவது வீண்.

இதற்கும் முன்னே கணினியின் பின்புறத்தை ஒருமுறை பார்ப்பது நன்று. திரையின் வடத்தை வரைகலை அட்டையிற் செருகாது தாய்ப்பலகையிற் செருகிவிட்டு, விலையுயர்ந்த அட்டை ஓடவில்லை என்று முறையிடுவோர் குறைவல்லர். 144 ஹேட்ஸ் திரையை வாங்கி அதை 60 ஹேட்ஸிலேயே ஓடவிடுவோரும் உண்டு. விண்டோஸின் அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் தீரும் குறை அது. நினைவகத் தகடு ஒன்றை மாத்திரம் பொருத்தினால் செயலிக்குத் தரவு செல்லும் பாதை பாதியாகும். ஒரே வகையான இரண்டு தகடுகளைத் தாய்ப்பலகையின் கைந்நூல் கூறும் துளைகளிற் பொருத்தல் வேண்டும். தகட்டில் எழுதிய வேகம் தானாகக் கிடைப்பதும் அரிது. பயாஸில் எக்ஸ்எம்பீ என்னும் அமைப்பைத் திறந்தாலே அது வரும். ஆனால் கணினி அடிக்கடி நின்றுபோகின்றதெனின் முதலில் மூட வேண்டியதும் அதுவே. மிகை வேகத்தை நிறுத்தி இயல்பு நிலைக்குக் கொணராமற் செய்யும் சோதனை எதையும் தெளிவிக்காது.

பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் தளர்வது வெப்பத்தின் குறி. செயலி 100 பாகை செல்சியசை அணுகும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கின்றது. விசிறியிலும் வெப்பத் தகடுகளிலும் படிந்த தூசியை அகற்றுவதே அப்போது மருந்து. எவ்வறிவித்தலுமின்றித் திடீரென அணைந்தால் மின்வழங்கியையும் வெப்பத்தையும் ஆராய வேண்டும். நினைவகத்தில் ஐயமெனின், யூஎஸ்பீ குச்சியிலிருந்து விண்டோஸின் உதவியின்றியே ஓடும் மெம்ரெஸ்ற்86 என்னும் சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிடலாம். பிழை ஒன்று கண்டாலும் தகடு ஐயத்துக்குரியது. பிழை எதுவும் காணாமை தகட்டுக்கு முழு நற்சான்றாகாது.

இவற்றிலெல்லாம் தவறாது கைக்கொள்ள வேண்டியது, ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுதல். மூன்றை ஒருங்கே மாற்றியவருக்கு நோய் தீர்ந்தாலும் எதனாற் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த முறை அவர் மூன்றையும் வாங்க வேண்டியவராவார். நண்பர் வீட்டில் நன்றாக ஓடும் கணினியொன்று இருப்பின் அதனிலும் சிறந்த சோதனைக் கருவி இல்லை. ஐயத்துக்குரிய உறுப்பை அங்கே பொருத்தும்போது பழுது உறுப்போடு கூடச் செல்கின்றதா, பழைய இடத்திலேயே நிற்கின்றதா என்பது தெரிந்துவிடும். 2024இல் அட்டையை மாற்றியும் நோய் மாறாதிருந்தோர், அந்த நேரமே அட்டையை விடுத்துப் பிறவற்றை நோக்கியிருப்பின் இரண்டாவது அட்டைக்குச் செலவிட்டிருக்க மாட்டார்.

பதின்மூன்றாம், பதினான்காந் தலைமுறை மேசைக் கணினிச் செயலியை இன்றும் பயன்படுத்துவோர், தாய்ப்பலகை செய்தவரது தளத்திலிருந்து புதிய பயாஸைப் பெற்று நிறுவுதல் வேண்டும். மைக்கிரோகோட் திருத்தம் அதனுள்ளேயே வருகின்றது. பாதிப்புக்குள்ளான செயலிகளின் உத்தரவாதத்தை 2024 ஓகஸ்றில் இன்ரெல் 2 ஆண்டுகள் நீடித்து, 3 ஆண்டை 5 ஆண்டாக்கிற்று. 2022 ஒக்ரோபரில் வாங்கியவருக்கு அது 2027 ஒக்ரோபர் வரை செல்லும். பெட்டியோடு வாங்கியவர் இன்ரெல்லையே அணுகலாம். பெட்டியின்றித் தனிச் செயலியாக வாங்கியவர் விற்ற கடைக்கும், முழுக் கணினியாக வாங்கியவர் அதைப் பொருத்தித் தந்தவரிடமும் செல்ல வேண்டும். ஆகையால் கொள்வனவுச் சிட்டையைப் பத்திரமாக வைத்திருத்தல் அவசியம்.