கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால்: முதல் ஆறு மணித்தியாலத்தில் செய்ய வேண்டியவை

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எந்த ஊரை எடுத்தாலும், கடலுக்குப் போனவர் சொன்ன நேரத்துக்குக் கரை சேராதபோது வீட்டார் நடந்துகொள்ளும் விதம் ஒன்றாகவே இருக்கிறது. முதல் நாள் முழுக்கக் கைத்தொலைபேசிக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டாம் நாள் பள்ளிவாசல் நிருவாகத்திடம் சொல்கிறார்கள், அரசியல்வாதியின் வீட்டு வாசலில் நிற்கிறார்கள், பேஸ்புக்கில் படம் போடுகிறார்கள். பொலிஸ் நிலையமும் கடற்றொழில் அலுவலகமும் நினைவுக்கு வருவது அதற்குப் பிறகுதான். அங்கே போனாலும் "இன்னும் ஒரு நாள் பார்ப்போம், வந்துடுவாங்க" என்று திருப்பி அனுப்புகிற உத்தியோகத்தர் இருக்கிறார்கள். 24 மணித்தியாலம் கழியாமல் முறைப்பாடு எடுக்க முடியாது என்பது சட்டத்தில் இல்லாத பேச்சு. அதைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

தாமதத்தின் விலையைக் கணக்காகவே பார்க்கலாம். கச்சான் வீசும் மாதங்களில் நம் கரையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. எஞ்சின் நின்ற படகு கரைக்கு ஒதுங்காது, வங்காள விரிகுடாவுக்குள்தான் இழுபடும். மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் அது மிதந்து போகிறது என்று வையுங்கள். ஆறு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 22 கிலோமீற்றர். இரண்டு நாளில் ஏறத்தாழ 178 கிலோமீற்றர். தூரம் எட்டு மடங்காகும்போது தேட வேண்டிய கடற்பரப்பு 64 மடங்காகிறது. கடற்படைக் கப்பல் ஒன்றுக்கு முதல் நாளில் முடிகிற வேலை, மூன்றாம் நாளில் விமானம் போனாலும் முடியாத வேலையாகிவிடுவது இதனால்தான்.

"எங்கட போட்டில் வி.எம்.எஸ். இருக்கு, அவங்க பார்த்துக்குவாங்க" என்ற நம்பிக்கை ஆழ்கடல் படகுக்காரர் மத்தியில் பரவியிருக்கிறது. இது ஆபத்தான நம்பிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டு 2016இல் நீக்கியது. அந்த நெருக்கடியில்தான் பலநாள் கலங்களுக்கு வி.எம்.எஸ். எனும் செய்மதிக் கண்காணிப்புக் கருவி வந்தது. பின்னர் ஆஸ்திரேலியா 4,200 கருவிகளை அன்பளிப்பாகத் தந்தது. சட்டவிரோத மீன்பிடியையும் ஆட்கடத்தலையும் கண்காணிப்பதே இவற்றின் முதல் நோக்கம். கருவி செய்மதி ஊடாகப் படகின் இடத்தைக் கொழும்பிலுள்ள கண்காணிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். வலையை விரித்துவிட்டுக் காத்திருக்கும் படகும் நீரோட்டத்தோடு மெல்ல நகரும், எஞ்சின் பழுதான படகும் அப்படியே நகரும். திரையில் இரண்டும் ஒரே மாதிரியான புள்ளிதான். படகு ஆபத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் அந்தப் புள்ளிக்கு அர்த்தம் வரும். சொல்ல வேண்டியவர் நீங்கள். கருவியில் அபாயப் பொத்தான் இருந்தால் அது எங்கே, எப்படி அழுத்துவது என்று தண்டயலுக்கு மட்டுமல்ல, படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கருவியை அணைத்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மீன் படும் இடம் மற்றவனுக்குத் தெரியக்கூடாது என்பார்கள், பெற்றரி மிச்சம் என்பார்கள். அணைத்த நேரத்தில் படகு கவிழ்ந்தால் தேடுகிறவருக்குக் கிடைப்பது பழைய இடம் மட்டும். எல்லை தாண்டியதாகச் சொல்லி வேறு நாட்டுப் படை பிடித்தால், தாண்டவில்லை என்று காட்ட உங்களிடம் இருக்கும் வலுவான சான்று அந்தக் கருவியின் தடம்தான். அதை நீங்களே அழிக்காதீர்கள்.

காலையில் போய் மாலையில் திரும்பும் பைபர் படகுகளின் நிலை இன்னும் மோசம். பெரும்பாலானவற்றில் கைத்தொலைபேசி ஒன்றுதான். வழமையான 2ஜி கோபுரத்தின் எல்லையே சுமார் 35 கிலோமீற்றர். படகில் தாழ்ந்து கிடக்கும் தொலைபேசிக்கு அதுவும் கிடைக்காது. குறைந்தது நீர் புகாத வி.எச்.எஃப். கைச்செட் ஒன்றாவது வேண்டும். அதன் 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ், உலகம் முழுவதும் அபாய அழைப்புக்கு உரியது. அதில் மீன் விலை பேசாதீர்கள். சிறு படகிலிருந்து கைச்செட்டின் எட்டல் சில கடல் மைல்தான் என்றாலும் பக்கத்துப் படகு கேட்டால் உயிர் தப்பும். செட் வாங்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை விசாரியுங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டப்படி வானொலிக் கருவிக்கு அனுமதி தேவை. கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது சுங்கத்திலேயே சிக்கக்கூடும்.

வசதியுள்ள முதலாளிமார் 406 மெகாஹேர்ட்ஸ் அபாயச் சமிக்ஞைக் கருவியை வாங்குகிறார்கள். இது கொஸ்பாஸ்-சார்சாட் செய்மதி அமைப்பின் ஊடாக வேலை செய்கிறது. இலங்கைக் கடலிலிருந்து எழும் அழைப்பு பெங்களூரு நிலையத்தின் ஊடாகக் கொழும்புக் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்துக்கு வரும். ஆனால் ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு நாட்டின் குறியீடு பதிந்திருக்கிறது. இலங்கையினுடையது 417. வளைகுடாவில் வாங்கிய பழைய கருவியில் அந்த நாட்டின் குறியீடே இருந்தால், மீட்பு நிலையம் படகுக்காரர் யார் என்று அங்கேதான் விசாரிக்கும். குறியீட்டை மாற்றி, உரிமையாளர் பெயரையும் கரையிலுள்ள இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் பதிவு செய்யாமல் அதைப் படகில் ஏற்றாதீர்கள். பதிவு செய்த கருவியை முதலாளி வீட்டு அலுமாரியில் பூட்டி வைப்பதும் ஒன்றுதான், வாங்காமல் விடுவதும் ஒன்றுதான்.

இனி வீட்டார் செய்ய வேண்டியது. படகு கரை விடுமுன்பே ஒரு தாள் வீட்டில் இருக்கட்டும். படகின் பதிவிலக்கம், நிறம், நீளம், எஞ்சின், வி.எம்.எஸ். கருவி இலக்கம், போகிற ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், ஏற்றிய எரிபொருளும் தண்ணீரும் எத்தனை நாளுக்குப் போதும், எந்தத் திசை, திரும்பும் நேரம் எல்லாம் அதில் வேண்டும். படகின் படம் ஒன்று தொலைபேசியில் இருக்க வேண்டும். பலநாள் கலம் புறப்படுமுன் கடற்றொழில் பரிசோதகரிடம் கொடுக்கும் ஆட்பட்டியலில் உள்ளவர்தான் படகில் போக வேண்டும். கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் அவர் தம்பி ஏறினால் பட்டியலைத் திருத்துங்கள். திருத்தாத பட்டியலால், போனவர் போகவே இல்லை என்று காகிதம் சொல்லும். பிறகு காப்புறுதிக்கும் மரணப் பதிவுக்கும் அந்தக் குடும்பம் அலைகிறது.

நேரம் தவறியதும் பொலிஸ் நிலையத்துக்கு ஒருவர், கல்முனையிலுள்ள கடற்றொழில் உதவிப் பணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒருவர் என்று ஒரே வேளையில் போங்கள். இரவானால் 119. பொலிஸில் முறைப்பாட்டின் இலக்கத்தையும் நேரத்தையும் கேட்டு எழுதி, பிரதியும் வாங்குங்கள். கடற்றொழில் அலுவலகத்தில் இரண்டு பிரதியாகக் கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். படகின் கடைசி இடம் என்ன, அது மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்துக்கும் கடற்படைக்கும் எத்தனை மணிக்கு அறிவிக்கப்பட்டது என்ற இரண்டையும் கடிதத்தில் கேளுங்கள். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், முத்திரை இல்லாமல் வராதீர்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 25(3)ஆம் பிரிவு நம்மவர் அநேகருக்குத் தெரியாது. ஒரு பிரஜையின் உயிரோடும் சுதந்திரத்தோடும் தொடர்பான தகவலுக்கு, விண்ணப்பம் கிடைத்து 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது அது. கடற்றொழில் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதும் விண்ணப்பத்தின் மேலே "உயிர் தொடர்பானது, பிரிவு 25(3)" என்று தெளிவாக எழுதுங்கள். எழுத்தில் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது அவர் கடமை. மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பொலிஸ் முறைப்பாட்டையே ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனைப் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். இவை ஒரு பக்கம் நடக்கட்டும். அதுவரை பொலிஸையும் கடற்றொழில் அலுவலகத்தையும் காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டே இருங்கள், யார் என்ன பதில் சொன்னார் என்பதை நேரத்தோடு வீட்டிலுள்ள அந்தப் படகு விவரத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.