பாக்ஸ் செடியும் காமினியும்

ஐரோப்பிய தேசங்களின் அரண்மனைத் தோட்டங்களிலே, வாயிற்படியின் இரு மருங்கிலும் தொட்டிகளில் உருண்டையாகவும் கூம்பாகவும் கத்தரித்து நிறுத்தப்பெற்று, வருஷம் முழுதும் இலை உதிராமல் பசுமை குன்றாது நிற்கும் சிற்றிலைப் புதரே பாக்ஸ்வுட் என்பது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்பு, இளைய பிளினி என்னும் ரோமானியப் பிரபு தம் டஸ்கனி மாளிகையை வருணித்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இச்செடியை மிருக வடிவங்களாகவும், எஜமானரின் பெயரையும் அதை வெட்டிய கலைஞனின் பெயரையும் காட்டும் எழுத்துக்களாகவும் கத்தரித்திருந்ததைக் குறிப்பிடுகிறார். உழைத்தவன் பெயருக்கும் அங்கே ஸ்தானம் இருந்தது என்பது என் மனத்துக்கு மிக உவப்பான செய்தி.

வெட்ட வெட்ட இது அடர்வதற்குக் காரணம் உண்டு. நுனிக்கொழுந்தில் உற்பத்தியாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் தண்டின் வழியே கீழிறங்கி, கணுக்களில் உறங்கும் பக்கமுளைகளைத் தலையெடுக்க விடாமல் அடக்கி வைக்கிறது; கொழுந்தைக் கிள்ளியதும் அந்த ஆதிக்கம் நீங்க, ஒரு கிளை நின்ற இடத்தில் இரண்டு மூன்று கிளைகள் கிளம்புகின்றன. இது பெரும்பாலான செடிகளுக்கும் பொதுவாயினும், கணு நெருக்கமும், இலைச் சிறுமையும், மந்தமான வளர்ச்சியும் ஒருங்கே வாய்த்த பாக்ஸில்தான் வெட்டிய வடிவம் நெடுநாள் கலையாமல் நிற்கிறது.

ஆனால், கொசஸ்தலை ஆறு உருக்கொள்ளும் பள்ளிப்பட்டு வட்டாரத்தில், சித்திரை வைகாசி வெயிலில் மொட்டைமாடித் தளம் காலைச் சுடும்போது, குளிர்காலத்தின் ஓய்வை நாடும் சுபாவமுள்ள அச்செடியைத் தொட்டியில் வைத்து வதைப்பது எனக்குச் சம்மதமில்லை. நமக்குக் கைகொடுப்பது, நர்சரிக்காரர்கள் காமினி என்று விற்கும் செடி. கறிவேப்பிலையின் நெருங்கிய உறவு; சீனப் பாக்ஸ் என்று ஆங்கிலேயரே இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மினுமினுக்கும் சிற்றிலைகளும், கவாத்துக்கு இணங்கும் குணமும், அவற்றுக்கு மேலாக, பாக்ஸுக்கு வாய்க்காத பரிமளமும் இதற்கு உண்டு.

ஒன்றரை அடி அகலமுள்ள மண்தொட்டியே உத்தமம்; அதன் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகி வேரைக் குளிர்விக்கும். அடித்துவாரத்தின் மேல் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பவேண்டும். உருண்டையோ கூம்போ, எந்த வடிவமாயினும் அடிப்பாகம் மேற்பாகத்தைவிடச் சற்று அகன்றே இருக்கவேண்டும். இன்றேல் மேலிலைகளின் நிழலில் கீழ்க்கிளைகள் மொட்டையாகிவிடும். மழைக்குப் பின் கிளைநுனிகளில் வெண்பூக்கள் கொத்தாக மலருமாதலால், அவை உதிரும்வரை பொறுத்திருந்து கத்தரி எடுப்பதே விவேகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை அவசியம். எலுமிச்சை, சாத்துக்குடி மரங்களைப் பீடிக்கும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி காமினியின் இளங்கொழுந்திலும் குடியேறிப் பெருகும். ஆகையால் கொல்லையில் எலுமிச்சை வைத்திருப்பவர்கள் இத்தொட்டிகளை அதன் அருகே கொண்டுபோகாமல் தெருவாசற் பக்கமே நிறுத்தி, புதுத்தளிர் விடும்போதெல்லாம் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து வரவேண்டும்.