திப்பிலியும் மூப்படைந்த செல்களும்

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. கேரள எல்லையைத் தாண்டியதும் ஏலத் தோட்டங்கள் தொடங்கிவிடும். செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிப்பது அடித்தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில்தான். விடிவதற்குள் ஜீப் ஏறி வேலைக்குப் போகும் பெண்கள் பகல் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் காய் எடுக்கிறார்கள். வயது ஏற ஏற முழங்கால் அவர்களுக்குப் பெரும்பாடு.

அந்த முழங்காலின் குருத்தெலும்பில் மூப்படைந்த செல்கள் சேர்கின்றன. 1961-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லியோனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுபோவதைக் கண்டார்கள். இப்படிப் பிரிவது நின்ற செல்தான் மூப்படைந்த செல். அது சாவதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்தபடி அங்கேயே இருந்து அக்கம்பக்கத்தையும் கெடுக்கிறது. இளவயதில் நோய் எதிர்ப்பு மண்டலம் இவற்றைப் பெருமளவு அகற்றிவிடும். முதுமையில் அகற்றுவது தளர்கிறது. 2011-இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், சீக்கிரம் மூப்படையும் எலிகளில் இந்தச் செல்களை மட்டும் அழித்தபோது கண்புரையும் தசைத் தேய்வும் தள்ளிப்போயின. 2017-இல் காயம்பட்ட எலி மூட்டிலும் இதே வழி பலன் தந்தது.

மூப்படைந்த செல் சாகாததற்குக் காரணம், தன்னைச் சாவிலிருந்து காக்கும் புரதங்களை அது கூடுதலாக வைத்திருப்பது. அந்தக் காப்பை உடைக்கும் பொருள்களைத் தேடியவர்களுக்குச் செடிகொடிகளிலிருந்தே பல கிடைத்தன. 2015-இல் வெங்காயத்திலும் ஆப்பிளிலும் உள்ள குவெர்செடின், டாசாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தோடு சேர்ந்து இதைச் செய்தது. 2017-இல் ஸ்ட்ராபெர்ரியில் உள்ள ஃபிசெடின் வந்தது. இவற்றுக்கு நடுவே, 2016-இல், அமெரிக்காவின் ஆர்கன்சா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பழைய மூலக்கூறை எடுத்துச் சோதித்தார்கள்: பைப்பர்லாங்குமின். நம் திப்பிலியில் இருப்பது.

போடிமெட்டுச் சரிவில் நிழல் மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிக்குத் திப்பிலி நெருங்கிய உறவு. சுக்கு, மிளகு, திப்பிலி என்று திரிகடுகமாக நம் வீட்டில் எப்போதும் இருப்பது. அதிலிருந்து பைப்பர்லாங்குமினைப் பிரித்து, அதன் கட்டமைப்பை ஆராய்ந்து 1967-இல் எழுதியவர்கள் கல்கத்தாவின் அசிமா சாட்டர்ஜியும் அவருடைய சக ஆய்வாளர் தத்தாவும். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அசிமா. அமெரிக்க ஆய்வகத்தின் கண்டுபிடிப்பைக் கொண்டாடும்போது இந்தப் பெயர் விட்டுப்போகக் கூடாது.

ஆனால் ஆர்கன்சாவில் நடந்தது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள்மீது தூய மூலக்கூறைச் செலுத்திப் பார்த்த சோதனை. கண்டந்திப்பிலி ரசம் குடித்தால் மூட்டிலுள்ள செல் செத்துவிடும் என்று அதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அளவுதான் இங்கே எல்லாம். மனிதச் சோதனைகளில் ஃபிசெடினை உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் கொடுக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 1,200 மில்லிகிராம். கொடைக்கானல் பக்கம் விளையும் ஸ்ட்ராபெர்ரியில் இதைப் பெற வேண்டுமானால், கிலோவுக்குச் சுமார் 160 மில்லிகிராம் என்ற கணக்கில், ஒரே நாளில் ஏழரைக் கிலோ தின்ன வேண்டும்.

மருந்தளவில் கொடுத்தபோதும் மனிதர்களிடம் பலன் இன்னும் திடமாகவில்லை. 2019-இல் நுரையீரல் தழும்பு நோயாளிகள் 14 பேருக்கு டாசாடினிப்பும் குவெர்செடினும் மூன்று வாரம் கொடுத்தார்கள். நடக்கும் தூரம் கூடியது; ஆனால் ஒப்பிட மருந்தில்லாக் குழு இல்லை. மாதவிடாய் நின்ற 60 பெண்களிடம் இதே மருந்துகளை வைத்து நடத்திய, 2024-இல் வெளியான சோதனையில் எலும்புத் தேய்வு குறையவில்லை. மூட்டுக்குள் ஊசியாகப் போட்ட யூனிட்டி நிறுவனத்தின் செயற்கை மருந்து, 2020-இல் வெறும் ஊசியைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. எலிகளின் ஆயுளை ஃபிசெடின் நீட்டிக்கும் என்ற 2018-ஆம் ஆண்டு முடிவும் பிறகு அமெரிக்காவில் பல ஆய்வகங்கள் சேர்ந்து நடத்திய பெரிய சோதனையில் உறுதிப்படவில்லை. போதாக்குறைக்கு, மூப்படைந்த செல் முழு எதிரியும் அல்ல. புண் ஆற அது உதவுகிறது. கெட்டுப்போன செல் புற்றாகப் பெருகாமல் தடுக்கிறது.

இந்த நிலையில் 'இளமை காக்கும்' திப்பிலிச் சாறு மாத்திரைகளுக்குக் காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காசு மட்டும் பிரச்சினை இல்லை. மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் என்ற இன்னொரு பொருள் உண்டு. பிற பொருள்கள் ரத்தத்தில் சேரும் அளவை அது கூட்டும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் 20 மில்லிகிராம் பைப்பரினை மஞ்சளின் குர்குமினோடு கொடுத்தபோது, ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடியது. வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான புரொப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவையும் அது உயர்த்துவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ரசத்தில் போடும் திப்பிலிக்கு இந்தப் பயம் வேண்டாம். செறிவூட்டிய சாற்றை மாத்திரையாக விழுங்குகிறவர்கள், தாங்கள் தினமும் சாப்பிடும் மற்ற மருந்துகளின் சீட்டோடு மருத்துவரிடம் அதையும் எடுத்துக் காட்ட வேண்டும்.