பேரலையின் முன் துணிவு எது?

போர்த்துக்கல் நாட்டின் மேற்குக் கரையில், அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கி நீண்டு நிற்கும் பாறைமுனை ஒன்று உண்டு. 1182ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள், திருச்சிலுவை மகிமை விழாவன்று, தொம் ஃபுவாஸ் ரூப்பிஞோ என்னும் பிரபு ஒருவர் மூடுபனியினூடே மானொன்றைத் துரத்திக்கொண்டு குதிரையில் அங்கு விரைந்தாராம். பனி விலகியபோது அடுத்த அடியில் அதலபாதாளம். அவர் அன்னை மரியாளைக் கூவி அழைத்தார். குதிரை விளிம்பிலேயே நின்றுவிட்டது. இது மரபுவழி வந்த கதை. அவ்விடத்தில் எழுப்பப்பட்ட சிற்றாலயத்தையும், அருகே நசரே அன்னையின் திருத்தலத்தையும் இன்றும் காணலாம். நாசரேத்திலிருந்து வந்ததென மரபு கூறும் சிறிய மரச் சுரூபமே அவ்வூருக்குப் பெயர் தந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, குதிரை நின்ற அந்தப் பாறைமுனையின் வடபுறக் கடலில்தான், மனிதர் இதுவரை சறுக்கியவற்றுள் மிக உயர்ந்த அலைகள் எழுகின்றன. 2011இல் அமெரிக்கரான கரெட் மெக்னமாரா அங்கு 78 அடி அலையொன்றில் சறுக்கியபோது உலகம் நசரேயைத் திரும்பிப் பார்த்தது. 2020 ஒக்டோபர் 29 அன்று ஜேர்மனியரான செபஸ்டியன் ஸ்டொய்ட்னர் சறுக்கிய அலை 86 அடியென அளக்கப்பட்டு உலக சாதனையாகப் பதிவாயிற்று. எட்டு மாடிக் கட்டடமொன்று உங்கள் முதுகுக்குப் பின்னால் சரிந்து வருவதாக எண்ணிப் பாருங்கள்.

காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. கரைக்கு மிக அருகில் தொடங்கி, 200 கிலோமீற்றருக்கும் மேலாக நீளும் பெரும் பள்ளத்தாக்கு அங்கே உள்ளது. அதன் ஆழம் ஏறக்குறைய 5,000 மீற்றர் வரை செல்கிறது. தொலைதூரப் புயல்கள் எழுப்பிய அலைத்திரள் பள்ளத்தாக்கின் மேலாக வேகம் குன்றாது வருகிறது. ஆழம் குறைந்த பக்கத்தால் வரும் பகுதியோ தளர்ந்து வருகிறது. கரையருகே இரண்டும் ஒன்றோடொன்று சேர, நீர் மலையாக எழுகிறது.

நசரே மக்களுக்கு இந்தக் கடல் விளையாட்டுத் திடலாக இருந்ததில்லை. நல்ல துறைமுகம் இல்லாத காலமெல்லாம் மீனவர் அலைகளை ஊடறுத்தே படகுகளைச் செலுத்தினர். கரையில் காத்திருந்த பெண்களில் பலர் கறுப்பு உடுத்திய கைம்பெண்களாயினர். கடலுக்குப் போனவர் திரும்பும்வரை விளக்கேற்றி வைத்துச் செபமாலை சொல்லும் நம் கரையோரக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய அலையின் வேகத்தைக் கைகளால் நீரைத் தள்ளி எட்டுவது அரிது. ஆகவே ஜெட் ஸ்கீ என்னும் நீர் வாகனத்தில் துணைவர் ஒருவர் வீரரைக் கயிற்றால் இழுத்துச் சென்று அலையில் விடுகிறார். பாறைமுனை மீதிருந்து மற்றொருவர் வானொலிக் கருவியில் வழிகாட்டுகிறார். வீரர் விழுந்தால், நுரை நிறைந்த நீர் உடலைத் தாங்காது. மேல் எது, கீழ் எது என்பதும் தெரியாது. மேலே வந்து ஒரு மூச்சு இழுப்பதற்குள் அடுத்த அலை வந்துவிடும்.

2013 ஒக்டோபர் 28 அன்று பிரேசில் நாட்டுப் பெண்ணான மாயா கபெய்ரா அவ்வாறு விழுந்தார். கணுக்காலருகே எலும்பு முறிந்தது. அடுத்தடுத்த அலைகள் அவருடைய மிதப்பு அங்கியையும் பறித்துச் சென்றன. அவருடைய துணைவரான கார்லோஸ் பூர்லே நுரைக்குள் மீண்டும் மீண்டும் வாகனத்தைச் செலுத்தித் தேடினார். ஒருமுறை மாயா கயிற்றைப் பற்றினார். பின்பு கை நழுவி, நினைவிழந்து, முகம் நீருக்குள் கவிழ மிதந்தார். பூர்லே வாகனத்தை விட்டுக் குதித்து அவரைக் கரைக்கு இழுத்து வந்தார். மணலில் கிடத்தி நெஞ்சை அழுத்தி உயிர் மீட்டார்கள்.

இவ்வளவு ஆபத்தைத் தேடிப் போவது துணிவா, கடவுளைச் சோதிப்பதா? தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்குமாறு சோதிக்கப்பட்ட இயேசு, குதிக்க மறுத்தார். விரைவின் மீதுள்ள மோகத்தால் வீதியிலோ கடலிலோ வானிலோ தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவோர் பெரும் குற்றத்துக்கு ஆளாகின்றனர் என்பது திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் போதனை. புனித தோமா அக்குவினாரோ, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாது பாயும் அசட்டுத் துணிச்சலைத் திடம் என்னும் நற்பண்புக்கு எதிரான குறையாகவே கணித்தார். தாக்குவதைவிடத் தாங்கிக்கொள்வதே திடத்தின் முதன்மையான செயல் என்றும் அவர் கற்பித்தார்.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்தாலும் பேரலை வீரர் எல்லோரையும் அசட்டுத் துணிச்சல்காரர் எனத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. மூச்சடக்கப் பல ஆண்டுகள் பழகுகின்றனர். உகந்ததல்லாத அலையை விட்டுவிடவும் அறிந்திருக்கின்றனர். 2010இல் கலிபோர்னியாவின் மேவரிக்ஸ் கடலில் மூழ்கி மயிரிழையில் தப்பிய ஷேன் டோரியன், இழுத்தவுடன் காற்றால் நிரம்பும் அங்கியொன்று உருவாகக் காரணராயிருந்தார். பின்னர் அது பலருடைய உயிரைக் காத்தது. மாயாவோ, சக வீரரின் கண்டனத்தையும் முதுகில் பல அறுவைச் சிகிச்சைகளையும் தாங்கிக்கொண்டு, 2018இல் அதே நசரேயில் 68 அடி அலையிலும், 2020இல் 73.5 அடி அலையிலும் சறுக்கிப் பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். அலையைவிட இடைப்பட்ட அந்த ஆண்டுகளே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

ஆயினும் கடல் யாருக்கும் உறுதிமொழி தருவதில்லை. 2023 ஜனவரி 5 அன்று, நீண்ட அனுபவமுள்ள மார்சியோ ஃபிரெய்ரே 47 வயதில் நசரேயில் உயிரிழந்தார். அவரையும் கரைக்குக் கொணர்ந்து உயிர் மீட்க முயன்றார்கள். இயலவில்லை. அவருடைய குடும்பத்தாரிடம் சாதனை அளவுகளைப் பற்றி யார் பேசுவது?

உண்மையில் என் மதிப்பை முழுமையாகப் பெறுபவர், அலைமேல் நிற்பவரைவிட, அவரைத் தேடி நுரைக்குள் திரும்புபவரே. ஹவாய்த் தீவுகளின் வைமேயா விரிகுடாவில் உயிர்காப்பாளராயிருந்த எடி ஐக்காவ் பேரலைகளில் சறுக்குவதில் வல்லவர். 1968 முதல் அக்கரையில் நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றியவர். 1978 மார்ச் மாதம், முன்னோரின் கடற்பயண மரபைப் புதுப்பிக்கப் புறப்பட்ட ஹோக்குலேயா என்னும் பாய்மரப் படகு இரவில் கவிழ்ந்தது. அதில் எடியும் இருந்தார். மறுநாள், மார்ச் 17 அன்று, கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருந்த தோழர்களுக்கு உதவி தேடித் தம் சறுக்குப் பலகையில் லானாய் தீவை நோக்கிக் கிளம்பினார். தோழர்கள் அன்றே மீட்கப்பட்டனர். 31 வயதான எடி கிடைக்கவேயில்லை.

அவர் பெயரால் வைமேயாவில் நடக்கும் போட்டி, போதிய அலை எழாத ஆண்டுகளில் நடைபெறுவதில்லை. 2023 ஜனவரி 22 அன்று அதில் முதலிடம் பெற்றவர் லூக் ஷெப்பர்ட்சன். அவர் அக்கடற்கரையின் உயிர்காப்பாளர், அன்றும் பணியிலிருந்தார். தமது முறை வந்தபோது மட்டும் விடுப்பெடுத்து அலைக்குள் இறங்கினார். சறுக்கி முடித்ததும், காவற்கோபுரத்துக்குத் திரும்பிச் சென்று கடலைக் கவனித்துக்கொண்டிருந்தார்.